மலை மைதானத்தில் மாதிரி விமானம்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்து விளையாட்டு மைதானத்தில், ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் பறக்கப் பழக்குகிறேன். மலையின் நெற்றியை வெட்டிச் சமப்படுத்திய சிறு துண்டு நிலம் அது. மூன்று பக்கமும் தேயிலை. நான்காவது பக்கம் சவுக்கு மர வரிசை, அதற்கப்பால் பள்ளத்தாக்கு. சமவெளியில் பழக்குபவர்களுக்கு எழுதிய குறிப்புகள் இங்கே பாதிதான் உதவுகின்றன. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விமானம் விழுந்தவுடன் பழக்குபவரின் வாயில் முதலில் வருவது, "தம்பி, கை சரியில்லை" என்பதுதான். அதைக் கடைசியாகச் சொல்லுங்கள். முதலில் இயந்திரத்தைப் பாருங்கள், அடுத்துக் காற்றைப் பாருங்கள், அதற்குப் பிறகு கைக்கு வாருங்கள். பிள்ளை நம் சொல்லை அப்படியே நம்பிவிடுகிறது. முறுக்கேறிய இறக்கையோடு வரும் விமானத்தைக் கையால் சமாளிக்கப் பழகிக்கொண்ட பிள்ளைக்கு, நேரான விமானத்தைக் கொடுத்தால் அதைப் பறக்கவிடத் தெரியாது. தவறாகப் பழகிய விரலைத் திருத்துவது, பழகாத விரலைப் பழக்குவதைவிட மூன்று மடங்கு வேலை.

இங்கே நான் பேசுவது பயிற்சி விமானத்தைப் பற்றி: நுரையால் ஆனது, இறக்கை உடலுக்கு மேலே அமைந்தது, இறக்கையின் நீளம் 1.2 முதல் 1.4 மீற்றர், மூன்று செல் லிபோ (லித்தியம் பொலிமர்) பற்றரி, மின்மோட்டார். கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில் இடது குச்சி வேகத்துக்கும் ரடருக்கும் (வாலின் நிமிர்ந்த மடிப்பு), வலது குச்சி எலிவேட்டருக்கும் (வாலின் கிடைமட்ட மடிப்பு) எயிலரோனுக்கும் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு).

கையிலிருந்து விட்டதும் இடப்பக்கம் சாய்ந்து தேயிலைக்குள் போகிறது

புரொப்பெல்லரிலிருந்து தொடங்குங்கள். அளவு பொறித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னோக்கிப் பூட்டினாலும் அது சுழலும், சத்தமும் போடும். ஆனால் இழுவை மிகவும் குறைந்துவிடும். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றினால், அதற்குப் போகும் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும்.

பிறகு விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சிகளை அசைத்துப் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் குழப்பம் வரும். வலப்பக்கம் தள்ளினால் வலது எயிலரோன் மேலே எழ வேண்டும், இடது கீழே தாழ வேண்டும். குச்சியை நம் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு விமானத்துக்கும், பிள்ளையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். முந்திய நாள் சர்வோவை (மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டாரை) மாற்றியவர் திசையை மாற்ற மறந்திருந்தால், அதைப் பிடிப்பதற்கு இதைவிட்டால் வேறு இடமில்லை.

இரண்டும் சரியாக இருந்தும் இடப்பக்கமே சாய்கிறதா? பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதற்கு எதிர்வினையாக உடல் இடப்பக்கம் உருள முயல்கிறது. வேகம் வந்த பிறகு எயிலரோன் இதை எளிதில் அடக்கிவிடும். கையை விட்ட முதல் நொடியில் எயிலரோனுக்குக் காற்றே போதாது. இதற்காகத்தான் மோட்டாரை இரண்டு மூன்று பாகை வலப்பக்கமும் சற்றுக் கீழ்நோக்கியும் சரித்துப் பூட்டியிருக்கிறார்கள். மூக்கு ஒருமுறை தரையில் குத்தினால் அந்தச் சரிவு கலைந்துவிடலாம்.

என் மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் இதே மாதிரி விழுத்தினான். மூன்று முறையும் அவன் எறிகின்ற விதத்தைத்தான் நான் குறை சொன்னேன். நான்காவது வாரம் மோட்டாரின் தாங்கியை விரலால் அசைத்துப் பார்த்தபோது, மயிரிழை அளவுக்கு அதில் ஒரு வெடிப்பு இருந்தது. முழு வேகம் கொடுத்தால் மட்டும் அது விரிந்து மோட்டாரை இடப்பக்கம் திருப்பியது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இயந்திரம், காற்று, கை என்ற வரிசையை நான் கைக்கொண்டது அன்றைக்குத்தான்.

இனிக் காற்று. நம் மைதானம் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்து வீதம் குறைவு. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் பதினைந்து வீதம் வரை குறையும். அதே எடையைத் தூக்க இறக்கை இங்கே சுமார் ஐந்து வீதமும், நுவரெலியாவில் எட்டு ஒன்பது வீதமும் கூடுதல் வேகத்தில் போக வேண்டும். புரொப்பெல்லரின் இழுவையும் குறைகிறது. கீழ்நாட்டில் நின்ற இடத்திலிருந்து எறிந்தால் போதும் என்ற விமானத்தை, இங்கே மூன்று நான்கு காலடி ஓடி எறிய வேண்டியிருப்பது இதனால்தான்.

கையைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. அதுவும் மலைநாட்டுக்கே உரியது. விமானத்தைத் தரைக்குச் சமாந்தரமாக எறியச் சொன்னால், பிள்ளைகள் மேல்நோக்கியே எறிகிறார்கள். அடிவானத்தையே பார்க்காத கண்கள் அவை. எதிர்மலையின் முகட்டையே அடிவானம் என்று எடுத்துக்கொள்கின்றன. முகட்டை நோக்கி எறிந்தால் மூக்கு பத்துப் பதினைந்து பாகை மேலே போய்விடும், வேகம் செத்துவிடும். நான் கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டையைக் காட்டி, "அதற்குக் கீழே போகும்படி எறி" என்கிறேன். அதன் உயரம் 2.44 மீற்றர். அது கண்ணுக்குப் பழகிவிட்டால் எறிதல் தானாகவே சரியாகிவிடும்.

அலைபோல் ஏறி ஏறி இறங்குகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதைத்தான் அதிகமாகப் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலில் எடைமையம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரையுள்ள அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அது இருக்க வேண்டும். அகலம் 20 சென்ரிமீற்றர் என்றால், முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 சென்ரிமீற்றர் வரை. இறக்கையின் அடியில் இரு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். பற்றரியை உள்ளே வைத்து, இரண்டு சுட்டுவிரல்களில் தூக்கிப் பாருங்கள். மட்டமாகவோ மூக்கு சற்றுத் தாழ்ந்தோ நின்றால் நல்லது. வால் தாழ்ந்தால் அன்றைக்கு அதைப் பறக்கவிடாதீர்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனாலும் வீடு வந்து சேரும். வால் கனத்ததை அனுபவசாலியாலும் அடக்க முடிவதில்லை.

பற்றரி உட்காரும் இடத்தில் ஒரு கோடு கீறிவிடுங்கள். ஒரே பெயரில் விற்கும் பற்றரிகள்கூட எடையில் வேறுபடுகின்றன. இரண்டு சென்ரிமீற்றர் பின்னால் தள்ளி வைத்தாலே விமானத்தின் குணம் மாறிவிடும்.

எடைமையம் சரி என்றால், விமானத்தை நீங்களே 60 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி, அரை வேகத்தில் நேராக வைத்து, குச்சியிலிருந்து விரலை எடுங்கள். தானாகவே இரண்டு மூன்று அலைகளில் அடங்கிவிட்டால் விமானத்தில் குறையில்லை. அலை பெரிதாகிக்கொண்டே போனால் மீண்டும் எடைமையத்துக்குத் திரும்புங்கள். அலை இல்லாமல் ஒரே பக்கமாக ஏறினாலோ இறங்கினாலோ ட்ரிம் (குச்சியின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் பொத்தான்) போதும்.

குறையில்லாத விமானம் பிள்ளையின் கையில் மட்டும் அலைகிறது என்றால், அவன் விமானத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறான். மூக்கு எழுந்ததைக் கண்டு அவன் தள்ளும்போது, அது ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கிறது. அவனுடைய திருத்தம் ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்து அலையை வளர்க்கிறது. "மெதுவாக அசை" என்று கத்திப் பயனில்லை. முதலில் அசைவையே சிறிதாக்குங்கள்: சர்வோவின் கையில் கம்பியை உள் துளைக்கோ, எலிவேட்டரின் கொம்பில் (கம்பி பூட்டும் துண்டில்) வெளித் துளைக்கோ மாற்றுங்கள். டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ இருந்தால் முப்பது வீதம் கொடுங்கள். நடுவில் குச்சி மென்மையாகிவிடும்.

அதன் பிறகும் கை கனமாக இருந்த ஒரு மாணவியிடம் கொழுந்து பறிப்பதைப் பற்றிக் கேட்டேன். அவளுடைய அம்மா மலையில் வேலை செய்கிறவர். "இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி வரும்?" என்றேன். விரலால் தொட்டு, லேசாக ஒடித்து, உடனே விட்டுவிடுவதைக் காட்டினாள். "குச்சியிலும் அவ்வளவுதான். தொடு, ஒடி, விடு. விட்டபிறகு என்ன நடக்கிறது என்று பார்" என்றேன். அன்றைய பறப்பிலேயே அலை போய்விட்டது. அந்த 'விடு' தான் அவளுக்குத் தேவைப்பட்டது.

திரும்பும்போது மூக்குக் குத்தி விழுகிறது

இதில் இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. அவற்றைச் சத்தத்தால் பிரிக்கலாம். திருப்பத்தில் விமானம் மேலும் மேலும் சாய்ந்து, காற்றின் சீறல் கூடிக்கொண்டே போனால், அது வேகம் பிடித்த சுருள் இறக்கம். முதலில் எயிலரோனால் இறக்கையை மட்டமாக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எலிவேட்டரை இழுக்க வேண்டும். சாய்ந்தபடியே இழுத்தால் சுருள் இன்னும் இறுகும்.

சத்தம் குறைந்து, விமானம் தயங்கி, திடீரென ஒரு இறக்கை மட்டும் அறுந்ததுபோல் தாழ்ந்தால், அது தூக்குவிசை இழந்த ஸ்டால். இங்கே செய்ய வேண்டியது வேறு: எலிவேட்டரை விடு, வேகத்தைக் கூட்டு, விமானம் ஓடத் தொடங்கியதும் மட்டமாக்கு. பயந்த பிள்ளை இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுக்கும், குச்சியை வயிறு வரை இழுக்கும். ஆகவே இரண்டையும் உயரத்தில் நீங்களே வேண்டுமென்று நிகழ்த்திக் காட்டுங்கள். கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

முப்பது பாகைச் சரிவில் திரும்பினால், ஸ்டால் ஆகும் வேகம் ஏழு வீதம்தான் கூடுகிறது. அறுபது பாகையில் நாற்பத்தொரு வீதம் கூடிவிடும். மெல்லிய காற்றுள்ள நம் உயரத்தில் அறுபது பாகைத் திருப்பம் புதியவருக்கு உரியது அல்ல.

தன்னை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடுகிறது

இது இயந்திரமும் அல்ல, காற்றும் அல்ல. முழுக்கக் கையும் கண்ணும். உலகில் இந்தக் கலையைப் பழகிய எல்லோரும் கடந்து வந்த வாசல் இது. ஆகவே பிள்ளை தடுமாறும்போது உங்கள் குரலில் கோபம் தொனிக்கவே கூடாது.

விமானம் விலகிப் போகும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்று. நம்மை நோக்கி வரும்போது இரண்டும் எதிரெதிர். "எதிராக யோசி" என்று சொல்லாதீர்கள். யோசிக்க அங்கே நேரமில்லை. நான் சொல்வது ஒரு வாக்கியம்: "தாழ்ந்த இறக்கைக்குக் குச்சியால் முட்டுக்கொடு." விமானம் நம்மை நோக்கி வருகிறது, நமக்கு இடப்பக்கம் தெரியும் இறக்கை தாழ்கிறது என்றால், குச்சியையும் இடப்பக்கமே தள்ள வேண்டும். சரியும் வேலிக்குக் கம்பை எந்தப் பக்கம் ஊன்றுவோமோ அந்தப் பக்கம்தான்.

இந்த வாக்கியம் விரலுக்குள் இறங்கும் வரை இன்னொரு வழி உண்டு. விமானம் வரும்போது பிள்ளையின் உடலை அது போகும் திசைக்கே திருப்பி நிறுத்தி, தோளுக்கு மேலாக அதைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது வலம் வலமாகவே இருக்கும். கழுத்து வலிக்கும், அழகாகவும் இராது, ஆனால் விமானம் தப்பும். நாலைந்து வாரங்களில் அது தேவையில்லாமல் போய்விடும்.

கணினிச் சிமுலேட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காதவர்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) முற்றத்திலேயே பழகலாம். ஒரு பிள்ளை அட்டையில் வெட்டிய விமானத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நடந்து வரட்டும், இஷ்டப்படி இறக்கையைச் சாய்க்கட்டும். இன்னொரு பிள்ளை வெறும் கையில் குச்சியை அசைப்பதுபோல் பதில் சொல்லட்டும். பத்து நிமிடத்தில் இருநூறு முறை பதில் சொல்லிவிடலாம். வானத்தில் அந்த இருநூறைப் பெற மாதங்கள் ஆகும்.

இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைக்க வசதியிருந்தால் கட்டாயம் இணையுங்கள். பழக்குபவர் சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை பிள்ளையின் குச்சி வேலை செய்யும், விட்டால் கட்டுப்பாடு பழக்குபவருக்குத் திரும்பிவிடும். அந்தச் சுவிட்ச் உங்கள் கையில் இருந்தால்தான் பிள்ளை தன் தவறை ஒரு நொடி அதிகமாக நின்று பார்க்க முடியும். கற்றல் நடப்பது அந்த நொடியில். சீக்கிரம் பறித்துக்கொள்ளாதீர்கள்.

மைதானத்தின் ஒரு மூலையில் மட்டும் விமானம் விழுகிறது

கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைக் கண்டு, விமானத்துக்குள் ரேடியோ அலையை வாங்கும் ரிசீவரில் கோளாறு என்றார். மாற்றியும் பார்த்தார். குற்றம் மலையில் இருந்தது.

காற்று ஒரு முகட்டில் மோதினால், மோதும் பக்கத்தில் மேலே ஏறும். முகட்டைத் தாண்டியதும் கீழே விழும், அங்கே உருண்டு சுழலும். மர வரிசைக்குப் பின்னாலும் அதேதான். மரத்தின் உயரத்தைப்போல் பல மடங்கு தூரம் வரை அந்தச் சுழற்சி நீளும். காற்று சவுக்கு வரிசையின் பக்கமிருந்து வந்தால், வரிசைக்கு அருகில் உள்ள மைதான மூலைதான் அந்தச் சுழல். அங்கே தாழ்வாகவும் மெதுவாகவும் வரும் விமானத்தின் ஒரு இறக்கையைக் காற்று கீழே அழுத்தும், மற்றதைத் தூக்கும். எந்தக் குச்சியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கண்டுபிடிப்பதற்குச் செலவில்லாத முறை ஒன்று உண்டு. ஒரு மூங்கில் கம்பில் ஒரு முழ நீளப் பொலித்தீன் நாடாவைக் கட்டி, மைதானத்தின் நான்கு மூலைகளிலும் நட்டுப் பாருங்கள். மூன்று நாடாக்கள் ஒரே பக்கம் பறந்து, நான்காவது மட்டும் தொங்கினாலும் சுற்றினாலும் அந்த மூலைக்கு அன்று போகாதீர்கள். காற்றின் திசை மாறினால் கெட்ட மூலையும் மாறும். போன வாரத்துப் பாடம் இந்த வாரத்துக்குப் பொருந்தாது.

நேரமும் முக்கியம். இரவு முழுவதும் குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில், விடிந்து சிறிது நேரத்துக்குப் பிறகு, காற்று நின்று மூச்சுவிடும் ஒரு வேளை உண்டு. புதியவர்களை அந்த வேளையில்தான் பறக்கவிடுகிறேன். முற்பகல் கடந்தால் என் விமானத்தை மட்டும் ஏற்றுகிறேன்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நம் மேற்குச் சரிவுகளை மழையாலும் மூடுபனியாலும் நிறைக்கிறது. அதே மாதங்களில் மலையைத் தாண்டி பதுளை, பண்டாரவளைப் பக்கம் இறங்கும் காற்று வறண்டு, பலத்து வீசும். அந்தக் கச்சான் காற்றில் பயிற்சியே வேண்டாம். நம் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள காலைகள்தான் தங்கம்.

எதிர்க்காற்றில் நகராமல் நிற்கிறது, திரும்பி வரவில்லை

பயிற்சி விமானம் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது, மேலே காற்றும் 35 கிலோமீற்றரில் வீசுகிறது என்றால், தரையிலிருந்து பார்க்க அது தொங்குகிறது. ஏற்றினால் இன்னும் மோசம், உயரத்தில் காற்று பலம். மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் கொடுத்து, தாழ்வாகக் கொண்டு வாருங்கள். இனிமேல், பறப்பின் முதல் பாதியை எப்போதும் காற்று வரும் திசையிலேயே செலவிடுங்கள். திரும்பி வரக் காற்று உதவும்.

நடுவானில் மோட்டார் அடங்கிவிட்டது

பயப்பட வேண்டாம். பற்றரி ஒரு செல்லுக்கு மூன்று வோல்ட் அளவுக்குத் தாழ்ந்தால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை நிறுத்திவிட்டு, மிச்ச மின்சாரத்தை ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் காத்து வைக்கிறது. இறக்க முடியும். அருகிலுள்ள சமதரையைப் பார்த்து நேராக இறக்குங்கள். மைதானத்துக்கே கொண்டுவர ஆசைப்பட்டு மூக்கை இழுத்தால் ஸ்டால்தான் மிஞ்சும்.

முழுதாகச் சார்ஜ் செய்த பற்றரி நாலு நிமிடத்திலேயே இப்படிச் செய்தால், குளிரைச் சந்தேகியுங்கள். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல் உறைந்து வெளுக்கும். அந்தக் குளிரில் லிபோவின் உள்தடை கூடி, முழு வேகம் கேட்டவுடன் வோல்ட் சரிந்துவிடும். பற்றரியைச் சட்டைக்குள்ளே, உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு வாருங்கள். உப்பிய பற்றரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜ் செய்யாதீர்கள், அது தீப்பிடிக்கும். வீடு திரும்பியதும் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். நிறைத்தபடியே வாரக்கணக்கில் கிடந்தால் அதன் ஆயுள் தேயும்.

குச்சிக்குப் பதிலே இல்லை

எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, கடைசியில் அணையுங்கள். முதல் பறப்புக்கு முன், டிரான்ஸ்மிட்டரின் தூரச் சோதனை முறையில், கையேட்டில் சொல்லப்பட்ட முப்பது காலடித் தூரம் நடந்து எல்லாச் சர்வோக்களும் பதில் தருகின்றனவா என்று பாருங்கள். அத்தோடு, விமானத்தை ஒருவர் இறுகப் பிடித்திருக்க, டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். அது சுழன்றுகொண்டே இருந்தால், தொடர்பு அறுந்த நாளில் உங்கள் விமானம் முழு வேகத்தில் எங்கோ போய் யார் மீதோ விழும்.

ரிசீவரில் இரண்டு அன்டெனாக்கள் இருந்தால், அவற்றின் நுனிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்க வேண்டும். பற்றரியோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தொடர்பு அறுகிறதா? விமானம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை நேர்கோட்டில்தான் போகும், மண்ணைத் துளைக்காது. நம் மைதானத்தின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் தாழ்ந்தால், உங்களுக்கும் விமானத்துக்கும் நடுவில் மலையே நிற்கிறது. சமவெளிக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நான் வைத்திருக்கும் விதி: பிள்ளையின் காலடி மட்டத்துக்குக் கீழே விமானம் ஒருபோதும் போகக் கூடாது.

மூடுபனி விமானத்தை விழுங்கிவிட்டது

பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கினால் இரண்டு மூன்று நிமிடங்களில் மைதானத்துக்கு வந்துவிடும். ஒரு பிள்ளையைக் கீழ்மலையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். அவன் "வருகிறது" என்றால் அதே நொடியில் இறங்க வேண்டும், இன்னொரு சுற்று கிடையாது. அதையும் மீறி மறைந்துவிட்டால், மோட்டாரை நிறுத்தி, எலிவேட்டரை விட்டுவிட்டு, ரடரை மிகச் சிறிதாக ஒரு பக்கம் கொடுத்துப் பிடியுங்கள். பயிற்சி விமானம் தானாகவே மட்டமாகி, வட்டமிட்டு அருகில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாததை வழிநடத்தப் போனால்தான் அது தொலைவுக்குப் போகும்.

தரைக்கு ஒரு மீற்றர் மேலே வந்து தொப்பென்று விழுகிறது

புல் நெருங்குவதைக் கண்டு பிள்ளை குச்சியை இழுக்கிறது, வேகம் முன்பே போய்விட்டது. இங்கே காற்று மெலிந்திருப்பதால் இறங்கும் வேகமும் கூடத்தான் இருக்க வேண்டும். மோட்டாரை முழுவதும் நிறுத்தாமல் சிறிது வைத்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் மட்டும் மெல்ல இழுக்கச் சொல்லுங்கள்.

தேயிலைக்குள் விழுந்துவிட்டது, காணவில்லை

விழுந்த நொடியில் யாரும் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, விமானம் மறைந்த இடத்துக்கு நேரே பின்னால் உள்ள ஒரு அடையாளத்தை, ஒரு மரத்தையோ பாறையையோ லயத்துக் கூரையையோ, விரலால் சுட்டிப் பிடியுங்கள். இன்னொருவர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து அதையே செய்யட்டும். இரண்டு விரல்களும் சந்திக்கும் இடத்தில் விமானம் இருக்கும். இடுப்புயரத் தேயிலைக்குள் இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் உள்ளதும் தெரியாது.

வேகக் குச்சி அடியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைக்காமல் ஒருவர் கையில் வைத்திருங்கள். மற்றவர் போகட்டும். தேயிலை வரிசைகளுக்கு இடையிலேயே நடக்க வேண்டும், செடியை மிதிக்கக் கூடாது. அந்த மலை யாரோ ஒருவருடைய நாட்கூலி. அருகில் கொழுந்து பறிக்கும் அக்காமார் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். எந்த வரிசையில் விழுந்தது என்று அவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பார்கள். அவர்கள் வேலை செய்யும் மலைக்கு மேலாக ஒருபோதும் பறக்கவிடாதீர்கள். மைதானத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும், பறப்புக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் நடப்பு விதிகளும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தியத்தலாவை போன்ற இராணுவப் பிரதேசங்களிலும் ஹோட்டன் சமவெளிப் பூங்காவிலும் பறப்பே வேண்டாம்.

விமானம் மின்கம்பியில் சிக்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். மூங்கிலாலும் தொடக் கூடாது, மின்சாரம் வழங்குவோருக்கு அறிவியுங்கள்.

செடியில் இருந்தால் முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். பிறகு இறக்கையைப் பிடித்து இழுக்காமல், உடலை அடியிலிருந்து தாங்கித் தூக்குங்கள். மைதானத்துக்கு வந்ததும் மோட்டார் தாங்கியை விரலால் அசைத்துப் பாருங்கள், புரொப்பெல்லரின் இரு நுனிகளையும் தடவுங்கள், பின்னால் நின்று இறக்கையின் பின் விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விழுத்திய பிள்ளையே இவற்றைச் செய்யட்டும். காலிலிருந்து அட்டையைத் தட்டிவிட்டு வந்து, அடுத்த பறப்பையும் அவனே எறியட்டும்.